ஹாமர்ஷோல்ட்: தெளிவற்ற ஆணையும் அதைச் சுமந்த அலுவலரும்

கேள்வி: 10 செப்டம்பர் 2023, மாலை 6.20

குடிமைப் பணித் தேர்வின் அறவியல் தாளுக்குப் படித்துவரும் என் மகள், ஐ.நா.வின் இரண்டாவது பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டை நடுநிலை தவறாத அலுவலருக்கு எடுத்துக்காட்டாக எழுதியிருந்தாள். எனக்கு உடன்பாடில்லை. விமானம் விழுந்து இறந்ததால்தான் அவருக்கு இவ்வளவு பெருமை. ஒழுங்காக ஓய்வு பெற்றிருந்தால் யாரும் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். காங்கோவின் பிரதமராக இருந்த லுமும்பாவைக் கைவிட்டவரை நடுநிலையாளர் என்று எப்படிச் சொல்வது? (வேளச்சேரி வாசகர்)

10 செப்டம்பர், இரவு 9.40

கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. சாவுதான் அவருக்குப் புகழ் தந்தது என்பதை நான் ஏற்கவில்லை. லுமும்பா விவகாரத்தில் அவர்மேல் பழி உண்டு என்பதை ஏற்கிறேன், ஆனால் வேளச்சேரி வாசகர் நினைக்கும் காரணத்துக்காக அன்று. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: 1961 செப்டம்பரில் அவர் இறந்தபோது பதவியில் எட்டாண்டுகளைக் கடந்திருந்தார். அதற்கு ஓராண்டு முன்பே சோவியத் பிரதமர் குருஷ்சேவ் பொதுச் சபையில் நின்று, அவர் இருக்கும் பதவியையே ஒழித்து, மேற்கு, சோவியத், அணிசேரா என்ற மூன்று அணிகளுக்கும் ஒவ்வொருவராக மூன்று பேரை அமர்த்த வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்றுக்கும் உதவாத ஓர் எழுத்தரை வெளியேற்றுவதற்காக ஒரு வல்லரசின் தலைவர் இவ்வளவு பாடுபடமாட்டார்.

11 செப்டம்பர், காலை 7.05

அவர் எங்கிருந்து வந்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

1905 ஜூலை 29 அன்று ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் பிறந்தார். நான்கு ஆண்மக்களில் கடைக்குட்டி. தந்தை யால்மர் முதல் உலகப் போர்க்காலத்தில் ஸ்வீடனின் பிரதமராக இருந்தவர். மகன் உப்சாலாவில் படித்துப் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது வயதைக் கடந்ததும் நிதி அமைச்சகத்தின் செயலாளரானார். நாட்டின் மைய வங்கியான ரிக்ஸ்பாங்க்கின் குழுத் தலைவராகவும் இருந்தார். பிறகு வெளியுறவு அமைச்சகம். 1951இல் அமைச்சரவையிலேயே இடம் பெற்றார், ஆனால் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கட்சி அட்டை இல்லாமல் அமைச்சராவது நம் ஊரில் கற்பனைக்கும் எட்டாத காரியம் என்பதால் இதைக் குறித்துவைக்கிறேன்.

1953இல் வல்லரசுகள் அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் அவருடைய சிறப்பு அன்று. யாருக்கும் அவரைப் பற்றி ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான். கணக்கு வழக்குகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் ஒரு நிர்வாகி கிடைத்துவிட்டார் என்று எண்ணினார்கள். செய்தி ஏப்ரல் முதல் நாளை ஒட்டி வந்ததால் ஹாமர்ஷோல்டே முதலில் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தாராம். முந்தைய பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீ அவரை விமான நிலையத்தில் வரவேற்று, இது உலகிலேயே செய்ய முடியாத வேலை என்று சொல்லித்தான் பொறுப்பை ஒப்படைத்தார். ஏப்ரல் 10 அன்று பதவியேற்பு.

வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் உட்கார்ந்து ஊழியர்களை விசாரித்துவந்தார்கள். லீ அதற்கு இடம் கொடுத்திருந்தார். ஹாமர்ஷோல்ட் அவர்களைக் கட்டடத்தைவிட்டு வெளியேறச் செய்தார். வாயில்லாப் பூச்சி என்று நம்பி அழைத்துவந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

13 செப்டம்பர், இரவு 10.30

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்ட நண்பருக்கு: நான் கோட்டையில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.நா. எனக்குத் தெரியாது, கோப்பு தெரியும். மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் உடன்பட முடியாதபோது என்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும். "விதிகளுக்குட்பட்டுத் தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதுவார்கள். ஓர் ஏரி ஆக்கிரமிப்பு விவகாரத்தில் இரண்டு துறைகள் எதிரும் புதிருமாக நின்றபோது அப்படியொரு வரிதான் இறங்கிவந்தது. அகற்றினால் ஏன் அகற்றினாய், அகற்றாவிட்டால் ஏன் விட்டுவைத்தாய் என்று இரண்டு பக்கமும் கேட்பதற்கு அந்த ஒரே வரி போதுமானதாக இருந்தது. களத்தில் நின்ற வட்டாட்சியர்தான் மாட்டிக்கொண்டார்.

ஹாமர்ஷோல்டின் வாழ்க்கை முழுவதையும் நான் அந்த வரியை வைத்தே படிக்கிறேன். பாதுகாப்பு அவையில் அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் ஒத்துப்போகாது. ஆகவே இருவரும் கைதூக்கக்கூடிய அளவுக்கு மழுப்பலான தீர்மானம் நிறைவேறும். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு பொதுச் செயலாளர் தலையில் விழும். டாக்கிடம் விட்டுவிடுங்கள் என்பது அன்றைய நியூயார்க்கில் வழக்கமான பேச்சாகவே ஆகிவிட்டது.

அவரும் அந்த மழுப்பலை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப் படையினரைச் சீனா சிறையில் வைத்திருந்தது. 1954 டிசம்பரில் பொதுச் சபை சீனாவைக் கண்டித்து, அவர்களை மீட்க முயலுமாறு பொதுச் செயலாளரைக் கேட்டுக்கொண்டது. மக்கள் சீனாவுக்கு அப்போது ஐ.நா.வில் இடமே கிடையாது. கண்டனத் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கதவு திறக்காது. எனவே அவர், தாம் வருவது அந்தத் தீர்மானத்தின் பேரில் அன்று, ஐ.நா. சாசனம் பொதுச் செயலாளர் பதவிக்குத் தந்திருக்கும் அதிகாரத்தின் பேரில் என்று பிரித்துக் காட்டிவிட்டு, 1955 ஜனவரியில் பீகிங் சென்று சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். கோப்பு பார்த்த எவரும் இந்த நுட்பத்தை மெச்சாமல் இருக்க முடியாது. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி அந்த விமானப் படையினர் விடுதலையானார்கள். நம் கிருஷ்ண மேனனும் அதே காரியமாகப் பீகிங் போய்ப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே ஒருவர் நினைவூட்டுவார்.

14 செப்டம்பர், மாலை 4.15

நினைவூட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே நான் எழுதிவிட்டதைக் கவனிக்கவும்.

சூயெஸ் பற்றிச் சுருக்கமாக. 1956இல் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தின்மேல் பாய்ந்தபோது, கனடாவின் லெஸ்டர் பியர்சன் ஐ.நா. படை ஒன்றை நடுவில் நிறுத்தும் யோசனையை முன்வைத்தார். 48 மணி நேரத்துக்குள் திட்டம் கொடு என்று பொதுச் சபை ஹாமர்ஷோல்டிடம் சொன்னது, அவரும் கொடுத்தார். ஆயுதம் தாங்கிய முதல் ஐ.நா. அமைதிப் படை அப்படித்தான் பிறந்தது. நம் படையினரும் அதில் இருந்தார்கள். படையினருக்குத் தனி அடையாளம் வேண்டும், நீலத் தொப்பி தைத்து வரக் காலம் ஆகும் என்பதால், இருந்த தலைக்கவசங்களுக்கே நீல வண்ணம் அடித்தார்கள். இன்று உலகமே அறிந்த நீலக் கவசத்தின் தொடக்கம் ஓர் அவசரக் கொள்முதல் சிக்கல்.

16 செப்டம்பர், இரவு 11.20

காங்கோ. நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவேண்டாம், படிக்காமல் தாண்டிச் செல்லலாம்.

1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. ஒரு வாரம் முடிவதற்குள் படைக் கலகம், அதைத் தொடர்ந்து பெல்ஜியப் படைகளின் மறுவருகை. ஜூலை 11 அன்று, செம்பும் பிற கனிமங்களும் குவிந்துகிடக்கும் கட்டாங்கா மாகாணம் ட்ஷோம்பேயின் தலைமையில் பிரிந்துபோனதாக அறிவிப்பு. குடியரசுத் தலைவர் கசவுபுவும் பிரதமர் லுமும்பாவும் சேர்ந்து ஐ.நா.வை அழைத்தார்கள். ஜூலை 14 அன்று பாதுகாப்பு அவை தீர்மானம் நிறைவேற்றியது: பெல்ஜியம் வெளியேறவேண்டும், காங்கோ அரசுக்குப் படை உதவி தரவேண்டும். கட்டாங்காவை என்ன செய்வது? அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "தக்க நடவடிக்கை எடுக்கவும்."

லுமும்பா, ஐ.நா. படை கட்டாங்காவை அடக்கித் தரும் என்று எதிர்பார்த்தார். ஹாமர்ஷோல்ட், உள்நாட்டுப் பூசலில் ஒரு தரப்பின் கருவியாகப் படை ஆகக்கூடாது என்றார். அதற்குள் செப்டம்பர் 5 அன்று கசவுபு லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தார். அந்த வேளையில் தலைநகர் லியோபோல்ட்வில்லில் ஐ.நா.வின் பொறுப்பில் தற்காலிகமாக இருந்த ஆண்ட்ரூ கார்டியர் என்ற அமெரிக்கர், அமைதி காக்கும் பொருட்டு என்று சொல்லி விமான நிலையங்களையும் வானொலி நிலையத்தையும் மூடினார். இரு தரப்புக்கும் சமமான தடை என்று தோன்றும். ஆனால் கசவுபுவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த பிரஸ்ஸாவில் நகரின் வானொலி திறந்திருந்தது. லுமும்பாவின் ஆதரவாளர்களோ தொலைவில் ஸ்டான்லிவில்லில் இருந்தார்கள். விமானம் இல்லாமல் அவர்கள் வந்துசேர வழியில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். லியோபோல்ட்வில்லில் ஐ.நா. காவலில் இருந்த வீட்டிலிருந்து நவம்பர் கடைசியில் லுமும்பா தப்பிப் புறப்பட்டார். வழியில், ஆட்சியைக் கைப்பற்றியிருந்த படைத் தலைவர் மொபுட்டுவின் படையினரிடம் பிடிபட்டார். 1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவுக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டு, அன்றிரவே கொல்லப்பட்டார். கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லின் விமான நிலையத்தில் அவர் இறக்கப்பட்டதை அங்கே காவல் நின்ற ஸ்வீடன் நாட்டு ஐ.நா. வீரர்கள் கண்ணால் பார்த்தார்கள். சாவுச் செய்தி பிப்ரவரியில் வெளிவந்ததும் சோவியத் ஒன்றியம் ஹாமர்ஷோல்டைப் பொதுச் செயலாளராக இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது. அதன் பிறகுதான், பிப்ரவரி 21 அன்று, உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் வந்தது. நேரு ஒரு முழு இந்தியப் படைப்பிரிவை அனுப்பியது அதற்குப் பின்னர்.

17 செப்டம்பர், காலை 8.50

நாளை பிள்ளையார் சதுர்த்தி; களிமண் பிள்ளையாரும் குடையும் வாங்கும் வேலை என் பங்கு. ஆகவே ஒரு சிறு குறிப்பு.

1948இல் இதே செப்டம்பர் 17 அன்று, ஐ.நா.வின் பாலஸ்தீன சமரசத் தூதரான கவுண்ட் ஃபோல்க் பெர்னடோட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ஸ்வீடன் நாட்டவர். அரசு ஊழியர் பணியில் இறந்தால் இழப்பீடு கேட்க அவருடைய அரசு இருக்கிறது. ஐ.நா. ஊழியருக்கு யார் கேட்பது? ஐ.நா. என்ன, ஒரு நாடா? இந்தக் கேள்வி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் வரை போயிற்று. தன் ஊழியர்களுக்காக ஐ.நா. தன் பெயரிலேயே இழப்பீடு கோரலாம், அதற்கு அந்தச் சட்டத் தகுதி உண்டு என்று நீதிமன்றம் 1949இல் கருத்துரைத்தது. இன்று பன்னாட்டுச் சட்ட மாணவர்கள் முதல் பருவத்தில் படிக்கும் அந்தக் கருத்துரைக்குப் பின்னால் ஒரு பிணம் இருக்கிறது என்பதை வகுப்பில் எத்தனை பேர் சொல்கிறார்களோ தெரியாது.

18 செப்டம்பர், இரவு 10.10

கொழுக்கட்டை முடிந்தது. விபத்து பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஹாமர்ஷோல்ட் 1961 செப்டம்பர் 13 அன்று லியோபோல்ட்வில் வந்து இறங்கியபோது, கட்டாங்காவில் ஐ.நா. படை தாக்குதலைத் தொடங்கிவிட்டிருந்தது. மார்தோர் என்று அதற்குப் பெயர். அங்கே இந்தியப் படைப்பிரிவுக்குத் தலைவர் பிரிகேடியர் கே.ஏ.எஸ். ராஜா. சண்டை எளிதில் முடியவில்லை. ஜாடோவில்லில் 150க்கு மேற்பட்ட அயர்லாந்து வீரர்கள் முற்றுகையில் சிக்கிச் சரணடைந்தார்கள். சண்டையை நிறுத்த ட்ஷோம்பேயை நேரில் சந்திக்க ஹாமர்ஷோல்ட் முடிவு செய்தார். இடம், எல்லைக்கு அப்பால் பிரிட்டன் ஆட்சியிலிருந்த வடக்கு ரொடீஷியாவின் (இன்றைய ஜாம்பியா) ந்டோலா.

கட்டாங்காவிடம் ஃபூகா ரகத் தாக்குதல் ஜெட் விமானம் இருந்தது. அதற்கு அஞ்சி, அவர் ஏறிய டி.சி.-6 விமானம் சுற்றுவழியில், பெரும்பாலும் வானொலித் தொடர்பின்றி, இரவில் பறந்தது. நள்ளிரவு கடந்து பத்து நிமிடம் வாக்கில் ந்டோலாவின் விளக்குகள் தெரிவதாகச் சொன்னது. அதற்குப் பிறகு பேச்சில்லை. நிலையத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் காட்டில் விழுந்தது. விமானத்தில் 16 பேர். உயிரோடு கிடைத்தவர் பாதுகாவலர் ஹரால்ட் ஜூலியன் ஒருவர். அவரும் சில நாட்களில் இறந்தார்.

நிலையத்தில் காத்திருந்த பிரிட்டிஷ் தூதர் ஆல்போர்ட் பிரபு, ஹாமர்ஷோல்ட் வேறு எங்கோ போக எண்ணியிருப்பார் என்று முடிவு கட்டினார். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் போனார்கள். சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டபோது மறுநாள் பிற்பகல் மூன்று மணி. உலகமே எதிர்பார்த்திருந்த ஒரு மனிதரின் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டுக் காணாமல் போகிறது, பதினைந்து மணி நேரம். எந்தச் சதிக் கோட்பாட்டையும்விட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

21 செப்டம்பர், காலை 6.40

கொலையா, விபத்தா என்று ஒரே வரியில் பதில் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் கிடையாது.

ரொடீஷிய அரசின் விசாரணை, விமானி தவறாகத் தாழப் பறந்துவிட்டார் என்றது. ஐ.நா.வின் சொந்த விசாரணை 1962இல் எதையும் உறுதிசெய்யவில்லை, எதையும் விலக்கவுமில்லை. அந்தக் காட்டில் கரி சுட்டுக்கொண்டிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், வானில் இன்னொரு விமானத்தைப் பார்த்ததாகவும் தீயைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். ரொடீஷிய விசாரணை அவர்களைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளையர் ஆட்சியில் கரி சுடுபவரின் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அரை நூற்றாண்டு கழித்து, எஞ்சியிருந்தவர்களைத் தேடிப்பிடித்து மீண்டும் கேட்டார்கள்.

2015க்குப் பிறகு டான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி முகமது சண்டே ஒத்மான் ஐ.நா.வுக்காக இதை ஆராய்ந்துவருகிறார். வெளியிலிருந்து வந்த தாக்குதலோ அச்சுறுத்தலோ காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று 2017 அறிக்கையில் எழுதினார். சில நாடுகள், குறிப்பாகப் பிரிட்டன், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, இன்னும் வெளியிடாத தகவல்களை வைத்திருக்கக்கூடும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவரும் கருத்து. அந்தக் கோப்புகள் திறக்கும்வரை, தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை.

24 செப்டம்பர், பிற்பகல் 3.30

சென்னையில் ஐ.நா. பற்றிய எந்தப் பேச்சும் அரை மணி நேரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவிடம் வந்து சேரும் என்பது இயற்கை விதி. இங்கே இரண்டு வாரம் பிடித்ததே அதிசயம். 1966 அக்டோபரில் ஐ.நா.வில் அவர் பாடியதற்கும் ஹாமர்ஷோல்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்கள். ஒருவர் இருக்கிறார்: சி.வி. நரசிம்மன். ஸ்ரீரங்கத்துக்காரர், ஐ.சி.எஸ். அதிகாரி, சங்கீதத்தில் பயிற்சியுள்ளவர். ஹாமர்ஷோல்டின் காலத்திலேயே நியூயார்க்கில் துணைச் செயலாளர் தகுதியில் பணியாற்றினார். அடுத்து வந்த ஊ தாண்டுக்கு அலுவலகத் தலைமை அதிகாரியாக நீண்ட காலம் இருந்தார். கச்சேரி அழைப்புக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான்.

பணியில் இறந்த நம் தூதரக அதிகாரிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 1984 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் ரவீந்திர மாத்ரே கடத்திக் கொல்லப்பட்டார். 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரகத்தின்மேல் நடந்த குண்டுத் தாக்குதலில் வெளியுறவுப் பணியைச் சேர்ந்த வெங்கடேஸ்வர ராவும் பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் இறந்தார்கள். இருவருக்கும் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. அவர்களுக்கெனத் தனி இழை தேவை. யாராவது தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

25 செப்டம்பர், காலை 9.00

நோபல்: 1961க்கான அமைதிப் பரிசு அவர் இறந்த பிறகு அவருக்கு அறிவிக்கப்பட்டது. இறந்தபின் அறிவிக்கப்பட்டுப் பரிசு பெற்ற இன்னொருவர் 1931இல் இலக்கியத்துக்காக எரிக் ஆக்ஸல் கார்ல்ஃபெல்ட். இருவரும் ஸ்வீடன் நாட்டவர்கள், இருவரும் ஸ்வீடிஷ் அகாதெமி உறுப்பினர்கள். பிற்பாடு விதியை மாற்றிவிட்டார்கள். உள்ளூர் செல்வாக்கு என்று நான் சொல்லவில்லை.

27 செப்டம்பர், இரவு 11.45

13ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். அதில் ஹாமர்ஷோல்ட் அந்த வட்டாட்சியரைப் போல அகப்பட்டுக்கொண்டவராகத் தெரிகிறார். அது முழுப் படம் ஆகாது. வட்டாட்சியர் கோப்பைக் கேட்டு வாங்கவில்லை. ஹாமர்ஷோல்ட் கேட்டு வாங்கினார். உலக அமைதிக்கு ஆபத்து என்று கருதினால் பொதுச் செயலாளரே பாதுகாப்பு அவையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்கிறது சாசனத்தின் 99ஆம் உறுப்பு. அதை வெளிப்படையாக முதன்முதலில் பயன்படுத்தியது அவர். பயன்படுத்தியது 1960 ஜூலையில், காங்கோவுக்காக. பீகிங்கிலும் சூயெஸிலும் மழுப்பலான ஆணை அவருக்குக் கைகொடுத்தது. அந்தப் பழக்கத்தில் காங்கோவிலும் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கிறார். பீகிங்கில் எதிரே இருந்தது ஓர் அரசு, பேச ஒரு மனிதர். காங்கோவில் அரசு எது என்பதே சண்டை.

நடுநிலைக்கு வருகிறேன். நடுநிலையான நாடுகள் உண்டு, நடுநிலையான மனிதர்கள் கிடையாது என்பது குருஷ்சேவின் வாதம். அதற்கு ஹாமர்ஷோல்ட் 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் பதில் சொன்னார். பன்னாட்டு ஊழியருக்குச் சொந்தக் கருத்தோ விருப்பு வெறுப்போ இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இருக்கும், அவற்றை அறிந்து, முடிவு எடுக்கும்போது அவை உள்ளே நுழையாமல் தடுக்கவேண்டும், அது அவரவர் நேர்மையைப் பொறுத்தது என்றார். அண்ணா நகர் படிப்பகங்களில் நான் சந்திக்கும் தேர்வர்கள் பலர், நடுநிலை என்றால் கருத்தே சொல்லாமல் இருப்பது என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் அந்த உரையை முழுதாகப் படிக்கலாம்.

2 அக்டோபர், காலை 10.20

விடுமுறை என்பதால் கடைசிப் பாக்கியையும் தீர்க்கிறேன்.

வானொலியை மூடியது கார்டியர், ஹாமர்ஷோல்ட் அன்று. ஆகவே அவர்மேல் பழியில்லை என்று இங்கே ஒருவர் வாதாடினார். கோட்டையில் இந்த வாதம் செல்லாது. கீழே இருப்பவர் எடுத்த முடிவு தவறு என்றால் மறுநாளே திருத்தி ஆணையிடவேண்டும். திருத்தாவிட்டால் அது தலைமையின் முடிவு. ஹாமர்ஷோல்ட் கார்டியரைக் கைவிடவில்லை, பாதுகாப்பு அவையில் ஆதரித்தே பேசினார். லுமும்பாவைக் கொல்ல அவர் விரும்பினார் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆனால் இரு தரப்புக்கும் ஒரே விதி என்ற பெயரில், வலுவற்றவனை மட்டும் கட்டிப்போடும் விதியை அவர் கையொப்பமிட்டு நிலைநிறுத்தினார். பழி என்று நான் முதல் நாள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு பழியும் உண்டு, அதை இங்கே யாரும் எழுப்பவில்லை. கார்டியருக்குப் பின் காங்கோவில் பொதுச் செயலாளரின் பிரதிநிதியாக வந்தவர் நம் ராஜேஸ்வர் தயாள். மொபுட்டுவின் ஆட்சி சட்டப்படியானது அன்று என்று அறிக்கையில் எழுதினார், அதனால் லியோபோல்ட்வில்லிலும் மேலை நாடுகளிலும் பகை தேடிக்கொண்டார். அவரை மாற்று என்ற நெருக்கடி மாதக்கணக்கில் நீடித்தது. ஹாமர்ஷோல்ட் நெடுநாள் தாங்கிப் பிடித்தார். 1961 மே மாதம் விட்டுக்கொடுத்தார். குருஷ்சேவ் மேசையைத் தட்டியபோது, சிறிய நாடுகளுக்காகப் பதவியில் நீடிப்பேன் என்று சொன்னவர் அவர். உண்மையை எழுதிய தம் சொந்த அலுவலருக்காக அதே உறுதியைக் கடைசிவரை காட்டவில்லை. தயாள் பிற்பாடு, 1967இல், இந்திய வெளியுறவுச் செயலாளரானார்.